காம்போ டெக் ஆடும் கணக்கு: ஹார்த்ஸ்டோனில் ஃப்ரீஸ் மேஜ்

ரம்மியில் ஒரிஜினல் சேர்ந்து, ஜோக்கரும் கைக்கு வந்து, கடைசி ஒரு சீட்டுக்காக இரண்டு மூன்று சுற்று பொறுத்திருந்தவருக்குக் காம்போ டெக் புதிதல்ல. கையில் இருப்பவை தனித்தனியாக அற்பம், சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. ரம்மியில் யாரும் உங்களை அடிக்க வருவதில்லை, இங்கே ஒவ்வொரு டர்னும் அடி விழும். அந்த அடியைத் தாங்கிக்கொண்டே கார்டு சேர்ப்பதுதான் இந்த வகை டெக்கின் முழு வேலை.

ஹார்த்ஸ்டோன் இணையத்தில் இருவர் மோதும் சீட்டாட்டம். 2014-இல் வெளிவந்தது, 2015 ஏப்ரலில் போனுக்கும் வந்தது. அதில் காம்போ கற்றுக்கொள்ள, மேஜ் என்ற மந்திரவாதி ஹீரோவை வைத்து எதிரியை உறைய வைத்துக்கொண்டே ஆடும் டெக்கான ஃப்ரீஸ் மேஜைப் போல நல்ல வாத்தியார் கிடையாது. பழைய கார்டுகளையும் அனுமதிக்கும் வைல்டு ஃபார்மேட்டில் இதைவிட வேகமான டெக்குகள் இன்று நிறைய உண்டு, ரேங்க் ஏற வேண்டுமென்றால் அவற்றை எடுங்கள். ஆனால் டேமேஜ், மனா, கார்டு என்று மூன்று கணக்கையும் ஒரே நேரத்தில் மனதில் ஓட்டும் பழக்கத்தை இதுதான் கொடுக்கும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் எந்த காம்போ டெக்கையும் கையில் எடுக்கலாம்.

முதலில் விதிகள், சுருக்கமாக. டெக்கில் 30 கார்டு. ஒரே கார்டு இரண்டு வரை, மிக அரிய வகையான லெஜண்டரி என்றால் ஒன்றுதான். ஹீரோவுக்கு, அதாவது உங்கள் சார்பில் நிற்பவருக்கு, ஆயுள் 30; அது தீர்ந்தால் தோல்வி. முதலில் ஆடுபவருக்கு 3 கார்டு, அடுத்தவருக்கு 4 கார்டும் காயின் என்ற கூடுதல் கார்டும். கார்டுக்கு விலையாகக் கொடுக்கும் மனா டர்னுக்கு ஒன்றாகக் கூடி 10-இல் நிற்கும். கல்லணையில் தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிட்டு, மிஞ்சியதைக் கொள்ளிடத்தில் திறக்கிறார்கள். கொள்ளிடத்தில் போனது கடலுக்குத்தான். ஒரு டர்னில் செலவழிக்காத மனாவும் அப்படித்தான், அடுத்த டர்னுக்கு வராது. கார்டு மட்டும் கையில் தங்கும். அதுவும் 10 வரைதான், பதினொன்றாவது கார்டு எரிந்துபோகும். களத்தில் இறங்கி நிற்பது மினியன், போட்டதும் வேலையைக் காட்டும் மந்திரம் ஸ்பெல்.

டெக்

ஃபிராஸ்ட்போல்ட் 2, ஐஸ் லான்ஸ் 2, ஃபயர்பால் 2, பைரோபிளாஸ்ட் 1. இவைதான் ஆளைச் சாய்ப்பவை.
ஐஸ் பிளாக் 2, ஐஸ் பேரியர் 1. இவை உங்களைக் காப்பவை.
ஃபிராஸ்ட் நோவா 2, டூம்சேயர் 2, பிளிஸார்டு 2, ஃபிளேம்ஸ்டிரைக் 1. இவை எதிரியின் மினியன்களைச் சமாளிப்பவை.
ஆர்க்கேன் இன்டலெக்ட் 2, லூட் ஹோர்டர் 2, அக்கோலைட் ஆஃப் பெயின் 2, மேட் சயன்டிஸ்ட் 2, நாவிஸ் இன்ஜினியர் 1. இவை டெக்கிலிருந்து கார்டு எடுத்துத் தருபவை.
பிளட்மேஜ் தால்நோஸ், எம்பரர் தாரிசன், அலெக்ஸ்ட்ராஸா, ஆர்க்மேஜ் ஆண்டனிடாஸ், ஒவ்வொன்று.

கூட்டினால் 30. கடைசி வரியில் உள்ள நான்கும் லெஜண்டரி. கைவசம் இல்லாததை டஸ்ட் (கார்டு செய்ய ஆட்டத்துக்குள் பயன்படும் பொடி) கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும்: லெஜண்டரிக்கு 1600, எபிக்குக்கு 400, ரேருக்கு 100, காமனுக்கு 40. ஐஸ் பிளாக்கும் டூம்சேயரும் எபிக். டஸ்ட் குறைவாக இருந்தால் ஆண்டனிடாஸைக் கடைசியாகச் செய்யுங்கள், அதற்குப் பதில் இரண்டாவது ஃபிளேம்ஸ்டிரைக் போடலாம். அலெக்ஸ்ட்ராஸாவும் தாரிசனும் இல்லாமல் இந்த டெக்கைத் தொடவே வேண்டாம். பாதி டெக் வைத்து ஆடினால் தப்பான பாடம்தான் மனதில் பதியும்.

36 என்ற எண்

டெக்கில் உள்ள மொத்த அடியைக் கூட்டிப் பாருங்கள். ஃபிராஸ்ட்போல்ட் 3 வீதம் 6, ஐஸ் லான்ஸ் 4 வீதம் 8, ஃபயர்பால் 6 வீதம் 12, பைரோபிளாஸ்ட் 10. ஆக 36. அலெக்ஸ்ட்ராஸா ஒரு ஹீரோவின் ஆயுளை 15-க்குக் கொண்டுவந்து நிறுத்தும். எதிரி 30-இல் இருக்கும்போது இறக்கினால் அது 15 அடிக்குச் சமம். ஆக உங்கள் சேமிப்பு 51.

இந்த 51-ஐ ஆட்டம் தொடங்கும்போதே மனதில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு செலவையும் கழித்துக்கொண்டே வர வேண்டும். நான்காவது டர்னில் எதிரியின் மினியன் மீது ஒரு ஃபயர்பால் போட்டீர்களா, 45. ஃபிராஸ்ட்போல்ட் ஒன்றை 3 ஆயுள் மினியனுக்குக் கொடுத்தீர்களா, 42. இது தப்பு என்று சொல்லவில்லை, சில ஆட்டத்தில் அதைச் செய்யாமல் பிழைக்கவே முடியாது. எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் செய்வதுதான் தப்பு. மேல்மடையில் முழுக்கத் திறந்துவிட்டுக் கடைமடையில் பயிர் காய்கிறதே என்று நிற்பதில் பயனில்லை. மினியனைச் சமாளிக்க நோவா, பிளிஸார்டு, டூம்சேயர், ஃபிளேம்ஸ்டிரைக் என்று ஏழு கார்டு தனியாக வைத்திருக்கிறோம். அவை கையில் இருக்கும்வரை அடிக்கும் கார்டைத் தொடாதீர்கள்.

கம்ப்யூட்டரில் ஆடுபவர்களுக்கு, டெக்கில் மிச்சமுள்ள கார்டைக் காட்டும் டெக் டிராக்கர் உண்டு. போனில் ஆடினால் ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் போதும். முதல் இருபது ஆட்டத்துக்காவது எழுதியே ஆடுங்கள்.

கார்டு வருமா?

காம்போ டெக் ஆடுபவர் எல்லாருக்கும் இருக்கும் மனக்குறை, “வேண்டிய கார்டு வரவே மாட்டேங்குது” என்பது. வராததற்குக் கணக்கு இருக்கிறது. முதலில் ஆடினால், ஒன்பதாவது டர்னில் நீங்கள் பார்த்திருப்பது 3 + 9 = 12 கார்டு. ஒற்றைக் கார்டான அலெக்ஸ்ட்ராஸா அதற்குள் வந்திருக்க வாய்ப்பு 12/30, அதாவது 40 சதவீதம். இரண்டு பிரதி உள்ள கார்டில் ஒன்றாவது வந்திருக்க 65 சதவீதம். தாரிசனும் அலெக்ஸ்ட்ராஸாவும் இரண்டுமே வந்திருக்க 15 சதவீதம்தான்.

இப்போது அதே டர்னுக்குள் இன்டலெக்ட், ஹோர்டர், அக்கோலைட் வழியாகக் கூடுதலாக 6 கார்டு எடுத்ததாக வையுங்கள். பார்த்தது 18. அலெக்ஸ்ட்ராஸாவுக்கு 60 சதவீதம், இரண்டு பிரதி கார்டுக்கு 85, தாரிசனும் அலெக்ஸ்ட்ராஸாவும் சேர்ந்து வர 35. ஆறே கார்டு இவ்வளவு மாற்றுகிறது. மூன்றாவது டர்னில் இன்டலெக்ட் போடலாமா, எதிரியின் முகத்தில் ஃபிராஸ்ட்போல்ட் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு இதுவே பதில்.

அதனால் தொடக்கக் கையை மாற்றிக்கொள்ளும் மல்லிகனில் அலெக்ஸ்ட்ராஸா, ஃபயர்பால், லான்ஸ், பைரோபிளாஸ்ட் எது வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். ஆசையாகத்தான் இருக்கும், அனுப்புங்கள். வேகமாக அடிக்கும் டெக் என்று தெரிந்தால் மேட் சயன்டிஸ்ட், டூம்சேயர், லூட் ஹோர்டர் இருக்கட்டும். நோவாவை டூம்சேயரோடு சேர்ந்து வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான டெக் என்றால் இன்டலெக்ட், அக்கோலைட், தாரிசன்.

அடிபடும்போதெல்லாம் ஒரு கார்டு எடுத்துத் தரும் அக்கோலைட்டைச் சும்மா மூன்றாவது டர்னில் இறக்கி எதிரி கையில் கொடுக்க வேண்டாம். ஐந்தாவது டர்ன்வரை பொறுத்தால், இறக்கிய கையோடு, 1 அடி கொடுக்கும் 2 மனா ஹீரோ பவரால் நாமே அதை ஒரு தட்டுத் தட்டி ஒரு கார்டு உறுதியாக எடுக்கலாம்.

கை நிரம்புவதையும் பாருங்கள். கையில் 9 கார்டு இருக்கும்போது இன்டலெக்ட் போட்டால் 8 + 2 = 10. அதோடு டர்னை முடித்தால் அடுத்த டிரா எரிந்துவிடும். எரிவது அலெக்ஸ்ட்ராஸாவாக இருந்தால் சேமிப்பில் 15 போச்சு. ஏரி நிரம்பும் முன்பே மதகைத் திறந்துவிடுவதுபோல, 8 கார்டு சேர்ந்ததுமே மலிவானதை இறக்கத் தொடங்குங்கள்.

பிழைத்திருப்பது

ஐந்தாவது டர்னில் நோவாவும் டூம்சேயரும் சேர்த்துப் போடுவது இந்த டெக்கின் முதல் பெரிய அசைவு. 3 + 2 = 5 மனா. எதிரி மினியன்கள் எல்லாம் உறைந்து நிற்கும், டூம்சேயரைத் தொட முடியாது. உங்கள் அடுத்த டர்ன் தொடங்கியதும் களத்தில் உள்ள அத்தனையும் சாகும். உங்கள் மேட் சயன்டிஸ்டும் அதில் சாகும், செத்ததும் டெக்கிலிருந்து ஒரு சீக்ரெட்டை, அதாவது மறைந்திருந்து தானாக வெடிக்கும் ஸ்பெல்லை, தானே களத்தில் வைக்கும். இது எங்கே கெடும்? எதிரி டூம்சேயரை சைலன்ஸ் செய்து அதன் சக்தியை அழித்தால், 7 ஆயுளையும் ஸ்பெல்லால் தீர்த்தால், அல்லது புதிதாக இறங்கி அந்த டர்னிலேயே அடிக்கக்கூடிய சார்ஜ், ரஷ் மினியன்களால் அடித்தால். நோவா போட்ட பிறகு இறங்கியவை உறைந்திருக்காது என்பதை மறக்க வேண்டாம்.

ஐஸ் பிளாக் 3 மனா சீக்ரெட். உயிர் போகும் அடி விழும்போது அது வெடித்து, அந்த அடியைத் தடுத்து, அந்த டர்ன் முழுவதும் உங்களை யாரும் தொட முடியாமல் ஆக்கும். வெடித்த பிறகு உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு டர்ன். அதில் ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது ஐஸ் பிளாக்கை வைக்க வேண்டும். ஒரே சீக்ரெட் இரண்டு பிரதி ஒரே சமயத்தில் களத்தில் இருக்க முடியாது, முதல் ஒன்று வெடித்த பிறகுதான் அடுத்தது. இன்னொன்று: சீக்ரெட்டுகள் எதிரியின் டர்னில்தான் வேலை செய்யும். டெக் தீர்ந்த பிறகு உங்கள் டர்ன் தொடக்கத்தில் 1, 2, 3 என்று விழும் ஃபட்டீக் அடியை ஐஸ் பிளாக் தடுக்காது. ஐந்து முறை விழுந்தாலே 15. ஐஸ் பிளாக் இருக்கிறது என்று 3 ஆயுளில் நிம்மதியாக உட்கார்ந்து செத்தவர்கள் ஏராளம்.

தாரிசன்

6 மனா, 5/5 (அடி 5, ஆயுள் 5). உங்கள் டர்ன் முடியும்போது கையில் உள்ள எல்லாக் கார்டின் விலையும் 1 குறையும். எதிரி அவரை அடுத்த டர்னிலேயே கொன்றாலும் முதல் குறைப்பு உறுதி, அது உங்கள் டர்னிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் அவரை எப்போது இறக்குவது என்பது ஒன்றே கேள்வி. ஆறாவது டர்ன் வந்துவிட்டதே என்று மூன்று கார்டு கையோடு இறக்குவது வீண். அடிக்கும் கார்டு குறைந்தது நான்கு கையில் இருக்கட்டும்.

இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கையில் ஃபிராஸ்ட்போல்ட் ஒன்று, லான்ஸ் இரண்டு, ஃபயர்பால் இரண்டு, தால்நோஸ். சாதாரண விலை 2 + 1 + 1 + 4 + 4 + 2 = 14. பத்து மனாவில் நடக்காது. தாரிசன் ஒரு முறை குறைத்த பிறகு 1 + 0 + 0 + 3 + 3 + 1 = 8. இப்போது வரிசை:

தால்நோஸ் முதலில். அவர் களத்தில் இருந்தால் ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் 1 கூடும். அடுத்து ஃபிராஸ்ட்போல்ட் எதிரி முகத்தில்: 4, ஹீரோ உறைந்துவிட்டார். லான்ஸ், 5. இன்னொரு லான்ஸ், 5. ஃபயர்பால் 7, இன்னொன்று 7. மொத்தம் 28. மீதி 2 மனாவில் ஹீரோ பவர் 1, இதற்கு தால்நோஸ் கூட்டிக்கொடுக்க மாட்டார். 29.

எதிரி 30-இல் இருந்தால் ஒன்று குறைகிறது! இரண்டாவது டர்னில் வேறு வேலை இல்லாதபோது எதிரியின் முகத்தில் ஹீரோ பவரால் ஒரு தட்டு தட்டியிருந்தால் இந்த 29 போதும். ஆரம்பத்தில் விழும் உதிரி ஒன்று இரண்டை யாரும் மதிப்பதில்லை, முடிக்கும் டர்னில்தான் அதன் விலை தெரியும்.

இந்த வரிசையில் நடக்கும் தப்பு பெரும்பாலும் லான்ஸில்தான். உறையாதவர் மீது லான்ஸ் போட்டால் அது உறைய வைக்கும், அடிக்காது. முந்தைய டர்னில் உறைய வைத்தோமே என்று நம்பக் கூடாது, எதிரியின் டர்ன் முடிவில் உறைவு போய்விடும். லான்ஸ் அடிக்க வேண்டுமானால் அதே டர்னில் ஃபிராஸ்ட்போல்ட் முன்னால் போக வேண்டும்.

அலெக்ஸ்ட்ராஸா டர்ன்

9 மனா. இறக்கினால் 10-இல் 1 மட்டும் மிச்சம், எதிரியின் களத்தைத் தடுக்க எதுவும் இல்லை. ஆகவே ஐஸ் பிளாக் களத்தில் இருக்கும்போது இறக்குங்கள். தாரிசன் குறைத்த கையாக இருந்தால் அலெக்ஸ்ட்ராஸா 8, நோவா 2, கச்சிதமாக 10. எதிரி மினியன்கள் உறைந்து நிற்க, அவர் ஆயுள் 15-க்கு வரும். இதைவிடச் சுகமான டர்ன் இந்த டெக்கில் இல்லை.

அடுத்த டர்னில் 15-ஐ முடிக்கப் பல வழி. குறைப்பே இல்லாமல் ஃபிராஸ்ட்போல்ட் 3, ஃபயர்பால் 6, ஃபயர்பால் 6 என்றால் சரியாக 15, மனா சரியாக 10. அல்லது ஃபிராஸ்ட்போல்ட், லான்ஸ் இரண்டு, ஃபயர்பால் ஒன்று: 17, மனா 8. இந்த இரண்டு கூட்டையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். இரண்டில் ஒன்று கையில் இருக்கும்போதுதான் அலெக்ஸ்ட்ராஸாவை எதிரி மீது விட வேண்டும். இல்லாவிட்டால் அவர் திரும்ப ஆயுள் ஏற்றிக்கொள்ள ஒரு டர்ன் தானம் கொடுத்ததாகும்.

உங்கள் ஆயுள் 4, 5 என்று கிடந்தால் அலெக்ஸ்ட்ராஸாவை உங்கள் மீதே விட்டு 15-க்கு ஏற்றிக்கொள்ளலாம். அப்போது 51 கணக்கு 36 ஆகிவிடும், எதிரி அதற்குள் இருக்கிறாரா என்று பார்த்துச் செய்யுங்கள்.

பிரின்ஸ் ரெனதால் வைத்து 40 கார்டு டெக் ஆடுபவர்கள் 30-க்கு மேல் ஆயுளோடு தொடங்குவார்கள். அவர்களிடம் அலெக்ஸ்ட்ராஸாவுக்கு இன்னும் லாபம், எங்கிருந்தாலும் 15-க்குத்தான் வருவார்கள்.

காம்போவைக் கெடுப்பவை

ஆயுளுக்கு மேல் கவசமாக ஏறும் ஆர்மர்தான் முதல் எதிரி. அலெக்ஸ்ட்ராஸா ஆயுளை மட்டும் மாற்றும், ஆர்மரைத் தொடாது. வாரியர் ஹீரோ பவரிலேயே டர்னுக்கு 2 ஆர்மர் ஏறும். 30 ஆயுளோடு ஆர்மர் 22 ஆகிவிட்டால் உங்கள் 51 போதாது. அங்கே ஆண்டனிடாஸ்தான் வழி: அவர் களத்தில் இருக்கும்போது போடும் ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் ஒரு ஃபயர்பால் கைக்கு வரும். ஆண்டனிடாஸ் 7, ஃபிராஸ்ட்போல்ட் 2, லான்ஸ் 1, மொத்தம் 10 மனாவில் இரண்டு புது ஃபயர்பால். தாரிசன் குறைத்த லான்ஸ் 0 என்பதால் அவற்றை இதற்காகவே பதுக்கி வைக்கலாம். இத்தனைக்குப் பிறகும் வாரியரிடம் இந்த டெக் கஷ்டப்படும், அதை ஏற்றுக்கொண்டுதான் ஆட வேண்டும்.

எதிரியின் லோதெப் என்ற மினியன் இறங்கினால் உங்கள் அடுத்த டர்னில் எல்லா ஸ்பெல்லும் 5 மனா கூடும். திகைக்க வேண்டாம், அலெக்ஸ்ட்ராஸாவும் தாரிசனும் மினியன். அவர்களை இறக்க அதுதான் டர்ன்.

எதிரியின் டர்ட்டி ராட் என்ற மினியன் உங்கள் கையிலிருந்து ஏதோ ஒரு மினியனை இழுத்துக் களத்தில் போடும். அலெக்ஸ்ட்ராஸா அப்படி வந்தால் ஆயுளை 15-க்குக் கொண்டுவரும் அவருடைய பேட்டில்க்ரை நடக்காது, கையிலிருந்து நாமே ஆடினால்தான் நடக்கும். கையில் அவர் ஒருவரே மினியன் என்றால் மாட்டிக்கொள்வது உறுதி, இன்னும் மூன்று மினியன் இருந்தால் 25 சதவீதம். லூட் ஹோர்டரையும் இன்ஜினியரையும் கடைசிவரை ஒன்றிரண்டு மறைப்பாக வைத்திருப்பது இதற்குத்தான்.

எதிரி மேஜ், முன்னால் சீக்ரெட் ஒன்று இருக்கிறது என்றால் அது கவுண்டர்ஸ்பெல்லாக இருக்கலாம். போடும் முதல் ஸ்பெல் வீணாகும். காயினும் ஒரு ஸ்பெல்தான். இரண்டாவதாக ஆடும் ஆட்டங்களில் காயினை அவசரமாகச் செலவழிக்காமல் வைத்திருந்து, முடிக்கும் டர்னில் முதலில் அதைப் போடுங்கள். அந்த சீக்ரெட் ஐஸ் பிளாக்காக இருந்தால் ஒரு டர்னில் அதை வெடிக்கவிட்டு அடுத்த டர்னில் முடிக்கும்படி கார்டைப் பிரித்து வையுங்கள். எதிரி ஹண்டர் என்றால் ஃபிளேர் ஒன்று உங்கள் ஐஸ் பிளாக்கை அழித்துவிடும், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் கார்டுகளை அவ்வப்போது மாற்றும். டிரூயிடின் பழைய காம்போவில் ஃபோர்ஸ் ஆஃப் நேச்சரும் சாவேஜ் ரோரும் சேர்ந்து 9 மனாவில் 14 அடி கொடுத்தன, 2016-இல் ஃபோர்ஸ் ஆஃப் நேச்சரை மாற்றியதோடு அது முடிந்தது. கார்டில் இருப்பது ஆங்கிலம். அப்டேட் வந்த பிறகு உங்கள் முப்பது கார்டையும் ஒரு தரம் வரி விடாமல் வாசியுங்கள். பலம் குறைக்கப்பட்ட கார்டைக் கொஞ்ச நாளுக்கு முழு டஸ்ட் விலைக்கே உடைத்துக்கொள்ளலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரமும் நெட்டும்

ஒரு டர்னுக்கு 75 விநாடி. கடைசியில் திரி எரியத் தொடங்கும். ஆறு கார்டு போடும் டர்னை அப்போது யோசித்து ஆட முடியாது. எதிரி ஆடும்போதே கூட்டிக்கொள்ளுங்கள்: எவ்வளவு ஆயுள், எவ்வளவு ஆர்மர், என்ன வரிசை. போனில் கார்டை இழுக்கும்போது விரல் சற்று விலகினால் ஃபயர்பால் மினியன் மீது விழும். அம்புக்குறி எதிரி ஹீரோ மீது நின்ற பிறகே விரலை எடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனால் வை-ஃபையும் சேர்ந்து போகும். போன் டேட்டாவுக்கு மாறும் நேரத்தில் ஆட்டம் அறுந்து திரும்ப இணையும், ஆனால் அதற்குள் ஓடிய விநாடி திரும்பாது. மானம் கறுத்திருக்கும் நாளில் முதலிலேயே டேட்டாவில் ஆடத் தொடங்குங்கள். கும்பகோணத்தில் பஸ் ஏறி மயிலாடுதுறை போகிற வழியில் ஆடுவதென்றால் வேறு டெக் எடுங்கள். ஃப்ரீஸ் மேஜ் ஆட்டம் சாதாரணமாகவே நீளம், சிக்னல் விட்டுப்போகும் இடம் சரியாக உங்கள் பத்தாவது டர்னில்தான் வரும். மறுபடி இணைந்து உள்ளே வந்ததும் எதையும் இழுக்காமல், எதிரியின் ஆயுள், ஆர்மர், உங்கள் மனா மூன்றையும் புதிதாகப் படித்துக்கொண்டு, துண்டுச் சீட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்துவிட்டுத் தால்நோஸைத் தொடுங்கள்.